கொம்பு முளைத்த கடவுள்

அளவுக்கு மீறி அதிகாரம் காட்டுகிறவரைப் பார்த்து "தலையில் கொம்பா முளைத்திருக்கிறது?" என்று கேட்கிறோம். யாராலும் ஆகாத காரியத்தை "எந்தக் கொம்பனாலும் முடியாது" என்கிறோம். மேலான இடத்தில் இருப்பவனுக்குக் கொம்பு உண்டு என்ற மிகப் பழைய நினைப்பு இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. மெசபடோமியச் சிற்பிகள் கொம்பு வைத்த மகுடத்தைக் கொண்டுதான் தெய்வத்தை மனிதரிடமிருந்து பிரித்துக் காட்டினார்கள். அக்காத் அரசன் நரம்-சின் தன் வெற்றிக் கல்லில் அந்த மகுடத்தைத் தானே அணிந்து நின்றது, தன்னைக் கடவுளாக அறிவித்துக்கொண்ட செயல். அலெக்சாண்டர் இறந்த பிறகு அடிக்கப்பட்ட நாணயங்களில் அவர் காதோரம் ஆட்டுக்கடாவின் கொம்பு சுருண்டிருக்கிறது. ரோம் நகரில் மிக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசேக்கும் இரண்டு கொம்புகள் உண்டு. எபிரேயச் சொல் ஒன்றை லத்தீன் விவிலியம் அப்படி மொழிபெயர்த்ததால் வந்தவை அவை. கொம்பு சாத்தானுக்கு மட்டும் உரிய அடையாளமாக ஒருபோதும் இருந்ததில்லை.

ஆனால் இன்று ஒரு மிகுபுனைவு நாவல் வாசகரிடமோ கணினி விளையாட்டில் ஊறிய இளைஞரிடமோ 'கொம்புள்ள காட்டுக் கடவுள்' என்று சொன்னால், அவர் மனத்தில் எழும் உருவம் மிகத் துல்லியமானது. கலைமானின் கிளைத்த கொம்பு, மனித உடல், வேட்டைக்காரனும் அவனே, வேட்டையாடப்படும் விலங்கும் அவனே. நிலவொளியில், அடர்ந்த காட்டின் நடுவே, நெருப்பைச் சுற்றி அவனுடைய அடியார்கள் ஆடுகிறார்கள். பின்னர் தேவாலயம் வந்து அவனைப் பிசாசாக்குகிறது. அடியார்கள் மறைந்து வாழ்கிறார்கள். இந்தப் படத்தின் ஒவ்வொரு துண்டும் பழையது. முழுப் படத்துக்கு வயது நூறு ஆண்டுக்குச் சற்று மேல். அந்தத் துண்டுகள் எங்கிருந்து வந்தன, யார் சேர்த்துத் தைத்தார்கள், தைத்தபோது எவை தொலைந்துபோயின என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் துண்டு பாரிஸில் கிடைத்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோத்ர தாம் பேராலயத்தின் தரையைத் தோண்டியபோது, பழைய தூண் ஒன்றின் செதுக்கிய கற்கள் வெளிப்பட்டன. பேரரசர் டைபீரியஸ் காலத்தில், அதாவது கி.பி. 14க்கும் 37க்கும் இடையில், செய்ன் ஆற்றில் படகோட்டிப் பிழைத்தவர்களின் சங்கம் யூப்பிட்டருக்கு எழுப்பிய தூண் அது. அதில் ரோமானியத் தெய்வங்களுக்குப் பக்கத்திலேயே, இன்றைய பிரான்சை உள்ளிட்ட கால் நாட்டின் தெய்வங்களும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று தாடி வைத்த முகம், தலையில் மான்கொம்பு, ஒவ்வொரு கொம்பிலும் தொங்கும் ஒரு கழுத்து வளையம். மேலே பெயர்: செர்னுன்னோஸ். முதல் எழுத்து இப்போது சிதைந்துவிட்டது. கண்டெடுத்த காலத்து வரைபடங்கள்தான் அதைக் காட்டுகின்றன. இந்தப் பெயர் இப்படி எழுத்தில், உருவத்தோடு சேர்ந்து கிடைப்பது உலகில் இந்த ஒரே கல்லில்தான். இன்று நூற்றுக்கணக்கான நூல்களிலும் விளையாட்டுகளிலும் உலவும் அந்தப் பெயருக்கு ஆதாரமாக நிற்பது இந்தச் சிதைந்த கல்தான். கால் நாட்டில் இவரைப் பற்றி ஒரு கதைகூட எழுதி வைக்கப்படவில்லை.

அந்தத் தூணை நிறுத்தியவர்கள் வேடர்கள் அல்லர், காட்டுவாசிகளும் அல்லர். ஆற்று வணிகத்தில் பொருள் ஈட்டிய நகரத்தார். பிரான்சின் ரைம்ஸ் நகரில் கிடைத்த புடைப்புச் சிற்பத்தில் இதே கொம்புக் கடவுள் அப்பல்லோவுக்கும் மெர்க்குரிக்கும் நடுவில் அமர்ந்து, ஒரு பையிலிருந்து எதையோ கொட்டிக்கொண்டிருக்கிறார். தானியம் என்று சிலரும் காசு என்று சிலரும் சொல்கிறார்கள். கீழே ஒரு மானும் ஒரு காளையும் அதை நோக்கி நிற்கின்றன. தானியமோ காசோ, எதுவாக இருந்தாலும் அது பெருக்கத்தின், செல்வத்தின் காட்சி. கண்ணால் காணக்கூடிய சான்றுகளை மட்டும் வைத்துப் பேசினால், செர்னுன்னோஸைக் காட்டின் கடவுள் என்பதைவிடப் படகுக்காரர்களின் கடவுள் என்று சொல்வதே பொருந்தும்.

மானின் கொம்பு மாட்டுக் கொம்பைப் போன்றது அன்று. அது எலும்பு. ஆண்டுதோறும் உதிர்ந்து ஆண்டுதோறும் முளைப்பது. தமிழில் கொம்பு என்றால் மரத்தின் கிளையும்தான். நம் சொல்லே மானின் தலையில் ஒரு மரத்தை நட்டுவைத்திருக்கிறது. இலை உதிர்ந்து துளிர்க்கும் நாட்டில் வாழ்ந்தவர்கள் அந்தக் கொம்பில் செல்வம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டிருக்கலாம். என் ஊகம் இது. கல் இதைச் சொல்லவில்லை.

இரண்டாவது துண்டு கிரேக்கத்திலிருந்து வருகிறது. ஆட்டுக் காலும் ஆட்டுக் கொம்பும் கொண்ட பான், ஆர்க்கேடியா மலைநாட்டு இடையர்களின் கடவுள். இவரைப் பற்றி நிறையத் தெரியும், அதில் எனக்கு மிகவும் பிடித்தது அவருக்கும் அடியார்களுக்கும் இருந்த நெருக்கம். வேட்டையில் போதிய இறைச்சி கிடைக்காவிட்டால் ஆர்க்கேடியச் சிறுவர்கள் பானின் சிலையைக் காட்டு வெங்காயத் தாளால் அடிப்பார்கள் என்று கவிஞர் தியோக்ரிட்டஸ் வழியாக அறிகிறோம். நண்பகலில் இடையர்கள் குழல் ஊதமாட்டார்கள். வேட்டையாடிக் களைத்த பான் அப்போது உறங்குவார், எழுப்பினால் கோபம் வரும். உச்சிவேளையில் சில இடங்களைத் தாண்டிப் போகாதே என்று பிள்ளைகளை எச்சரிக்கும் நம் ஊர்ப் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மந்தையும் படையும் காரணமின்றி மிரண்டு சிதறும் அச்சத்துக்குக் கிரேக்கர் பானின் பெயரையே வைத்தார்கள். ஆங்கிலத்தின் 'பேனிக்' அதிலிருந்து வந்த சொல்.

கி.மு. 490இல் மராத்தன் போருக்கு முன், உதவி கேட்டு ஸ்பார்ட்டாவுக்கு ஓடிய தூதன் பிலிப்பிடீஸை, டெகியாவுக்கு மேலே பார்த்தீனியன் மலையில் பான் பெயர் சொல்லி அழைத்தாராம். உங்களுக்கு நல்லது நினைக்கிற என்னை ஏதென்ஸ் மக்கள் ஏன் கவனிப்பதில்லை என்று கேட்டாராம். போரில் வென்ற பிறகு ஏதென்ஸ்காரர்கள் அக்ரோபொலிஸ் குன்றின் அடியில் அவருக்கு ஓரிடம் ஒதுக்கி, ஆண்டுப் பலியும் தீப்பந்த ஓட்டமும் ஏற்படுத்தினார்கள். ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பது இது. ஒதுக்கிய இடமும் ஒரு குகைதான். நகரத்துக்கு வந்த பிறகும் அவர் கோயிலுக்குள் போகவில்லை.

இதே டைபீரியஸ் காலத்தில்தான் பான் இறந்துபோனதாகவும் ஒரு செய்தி பரவியது. இத்தாலிக்குப் போன கப்பல் ஒன்று பாக்ஸி தீவருகே காற்றில்லாமல் நின்றபோது, கரையிலிருந்து ஒரு குரல் தாமுஸ் என்ற எகிப்திய மாலுமியைப் பெயர் சொல்லி அழைத்து, பெரிய பான் இறந்துவிட்டார் என்று அறிவிக்கச் சொன்னது. அவன் அறிவித்ததும் கரையெங்கும் அழுகுரல் எழுந்தது. புளூட்டார்க் சொல்லும் கதை. பழைய தெய்வங்களின் முடிவாகக் கிறித்தவ எழுத்தாளர்கள் பின்னாளில் இதைக் கொண்டாடினார்கள். அதே ஆட்சியில்தான் பாரிஸ் படகோட்டிகள் தங்கள் கொம்புக் கடவுளைக் கல்லில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பானும் சாகவில்லை. நூறாண்டுக்கும் மேல் கழித்து ஆர்க்கேடியாவைச் சுற்றிப் பார்த்த பௌசானியஸ், லைகோசுராவில் பானின் சன்னிதியில் அணையாத நெருப்பு எரிவதைக் குறித்து வைத்திருக்கிறார்.

இந்த இருவரிலும் அடர்காடு பெரிதாக இல்லை. ஒருவருக்கு ஆறும் சந்தையும். மற்றவருக்கு வெயில் காயும் மலைச்சரிவும் ஆட்டு மந்தையும். காடு எப்போது வந்தது? காடு கைவிட்டுப் போனபோது வந்தது என்று சொல்வேன். 1851 கணக்கெடுப்பில் இங்கிலாந்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நகரத்தாராகிவிட்டார்கள். 1919இல் அரசு வன ஆணையத்தை அமைத்தபோது பிரிட்டனின் நிலத்தில் சுமார் 5 சதவீதம்தான் மரங்கள் எஞ்சியிருந்தன. இந்த இடைவெளியில்தான் ஆங்கில எழுத்தாளர்களைப் பான் பிடித்துக்கொள்கிறார். 1894இல் ஆர்தர் மேக்கன் அவரைத் திகில் கதையாக்கினார். 1908இல் கென்னத் கிரகாம் சிறுவர் நாவல் ஒன்றில், ஆற்றங்கரை விலங்குகளைக் காக்கும் கருணை உருவமாக விடியலில் நிறுத்தினார். இ. எம். ஃபார்ஸ்டர், சாகி என்று பட்டியல் நீளும். புகை மண்டிய நகரங்களில் இருந்து எழுதியவர்களின் ஏக்கம் ஒரு மேய்ச்சல் கடவுளைக் காட்டுக் கடவுளாக்கியது.

இலக்கியத்தில் இருந்த இந்த ஏக்கத்தை வரலாறு என்று அறிவித்தவர் மார்கரெட் மர்ரே. 1863இல் கல்கத்தாவில் பிறந்தவர். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிளின்டர்ஸ் பெட்ரியிடம் பயின்று எகிப்தியலில் பேர் பெற்றவர். பெண்களுக்கு அறிவுலகம் கதவு திறக்காத காலத்தில் முட்டித் திறந்து உள்ளே போனவர். முதல் உலகப் போர் எகிப்துப் பயணத்தைத் தடுத்தபோது அவர் கவனம் ஐரோப்பியச் சூனியக்காரி விசாரணை ஆவணங்கள் பக்கம் திரும்பியது. 1921இல் மேற்கு ஐரோப்பாவின் சூனிய வழிபாடு பற்றியும், 1931இல் சூனியக்காரிகளின் கடவுளைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அவர் வாதம் இது: விசாரணையில் 'பிசாசைக் கண்டேன்' என்று பெண்கள் சொன்னது பொய்யல்ல. அவர்கள் கண்டது விலங்குத் தோலும் கொம்பும் அணிந்த ஒரு மனிதனை. கற்காலத்திலிருந்து தொடர்ந்து வந்த கொம்புக் கடவுள் சமயத்தின் பூசாரி அவன்.

பிரான்சின் த்ருவா ஃப்ரேர் குகையில் ஆபே ப்ரேய் பிரதியெடுத்த கொம்பு வைத்த ஓவியம், செர்னுன்னோஸ், பான், பிசாசு எல்லாவற்றையும் அவர் ஒரே சரட்டில் கோத்தார். ஜோன் ஆஃப் ஆர்க்கும் இந்த இரகசியச் சமயத்தைச் சேர்ந்தவர் என்றார். 1100இல் நியூ ஃபாரஸ்டில் அம்பு பாய்ந்து இறந்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் வில்லியம் அதன் பலி என்றார். 1929இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் சூனியம் பற்றிய கட்டுரையை எழுதும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. அதில் தன் கருதுகோளை நிலைநாட்டப்பட்ட உண்மையாகவே எழுதினார். ஒரு தலைமுறைக்கும் மேல் பொது வாசகர்கள் அதைத்தான் படித்தார்கள்.

அவர் ஆவணங்களைப் படித்த முறைதான் சிக்கல். 1662இல் ஸ்காட்லாந்தின் ஓல்டெர்ன் ஊரைச் சேர்ந்த இசபெல் கௌடி என்ற பெண் நான்கு வாக்குமூலங்கள் கொடுத்தார். ஒவ்வொரு குழுவிலும் பதின்மூன்று பேர் என்றார். மர்ரே அதை எடுத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதற்கும் விதியாக்கினார். வைக்கோல் துரும்பில் ஏறிப் பறந்தோம், முயலாக மாறினேன், மலைக்குள் போய்த் தேவதைகளின் அரசியோடு உண்டேன் என்றும் அதே கௌடி, அதே வாயால் சொன்னார். நம்ப முடிந்ததைச் சான்றாக வைத்துக்கொண்டு, நம்ப முடியாததை ஒதுக்கிவிட்டால் எந்தக் கனவையும் வரலாறாக்கலாம். நார்மன் கோன் 1975இல் வெளியிட்ட நூலில் மர்ரேயின் மேற்கோள்களை மூல ஆவணங்களோடு வைத்துப் பார்த்து, விடுபட்டவை எவை என்று வரிவரியாகக் காட்டினார். பின்னர் வந்த ஆய்வாளர்களில் மர்ரேயின் முடிவை ஏற்பவர் அநேகமாக இல்லை.

இதில் எனக்கு உறுத்துவது முறைப் பிழையைவிடப் பெரிது. 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரம் முதல் ஐம்பதாயிரம் பேர் என்பது இன்றைய மதிப்பீடு, பெரும்பாலோர் பெண்கள். தூங்கவிடாமல் வதைத்தும் மூட்டுகளைப் பிதுக்கியும் விடையைக் கேள்வியிலேயே வைத்தும் வாங்கிய வாக்குமூலங்கள் ஏராளம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஞாயிறுதோறும் தேவாலயம் போன சாதாரணக் கிறித்தவர்கள். நாங்கள் பிசாசை வணங்கவில்லை என்று கதறியவர்கள். மர்ரே அவர்கள்மேல் பரிவோடுதான் எழுதினார். ஆனாலும் அவர் வாதத்தின்படி இரகசியக் கூட்டமும், அதன் தலைமையில் கொம்புள்ள ஒருவனும் இருந்தது உண்மை. நீதிபதிகள் அவனுக்கு வைத்த பெயர் மட்டுமே தவறு. இறந்தவர்களை அவர்கள் வழிபடாத கடவுளின் அடியார்களாக மாற்றிவிடுவது, அவர்கள் கடைசியாகச் சொன்ன மறுப்பையும் பறித்துக்கொள்வது. அந்தப் பெண்களை நினைவுகூர விரும்புகிறவர்கள் முதலில் அந்த மறுப்பைக் கேட்க வேண்டும்.

வரலாற்றில் இல்லாத அந்த அடியார்கள் பிறகு உண்மையிலேயே தோன்றினார்கள். காரணமானவர் ஜெரால்ட் கார்ட்னர். 1900இல், பதின்ம வயதில், இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை கற்றவர். பிறகு போர்னியோ, மலாயா. சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மலாய் கிரிஸ் கத்தியைப் பற்றி 1936இல் நூல் வெளியிட்டவர். இங்கிலாந்து திரும்பி, 1939இல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் எஞ்சியிருந்த ஒரு சூனியக் குழு தனக்குத் தீட்சை அளித்ததாகச் சொன்னார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்ததால், தன் சமயத்தின் சடங்குகளை 1949இல் ஒரு நாவலாகத்தான் முதலில் வெளியிட்டார். 1951இல் சட்டம் நீங்கியது. 1954இல் வெளிப்படையாக ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்னுரை மார்கரெட் மர்ரே. புனைவாக அச்சேறி, பிறகு சமயமாக வெளிவந்த அது இன்று விக்கா எனப்படுகிறது. கொம்புக் கடவுளும் சந்திரத் தேவியும் அதன் இரு முதல் தெய்வங்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13 ஆயிரம் பேர் தங்கள் சமயம் விக்கா என்றும், சுமார் 74 ஆயிரம் பேர் பழந்தெய்வ வழிபாட்டைக் குறிக்கும் பேகன் என்றும் எழுதிக்கொடுத்தார்கள்.

வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் வெளியிட்ட நூலில் இதன் பிறப்பை முழுமையாக ஆராய்ந்தார். இங்கிலாந்து உலகுக்குக் கொடுத்த ஒரே முழுச் சமயம் இது என்ற அவர் கணிப்பில் ஏளனம் இல்லை. கற்காலத் தொடர்ச்சி இல்லை என்று தெரிந்த பிறகும் விக்கா அடியார்கள் பலர் தங்கள் வழிபாட்டை விடவில்லை. அது சரி என்றே எனக்குப் படுகிறது. ஒரு பிரார்த்தனைக்கு வயதுச் சான்றிதழ் தேவையில்லை. பொய்யான வயதைச் சொல்லும்போதுதான் இறந்தவர்களுக்குக் கேடு வருகிறது.

கார்ட்னர் இருந்த காலத்து இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் தமிழகத்திலிருந்து போன தமிழர்கள். அவர்கள் மாரியம்மனையும் முனியாண்டியையும் கூடவே கொண்டுபோனார்கள். அங்கே தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்துக்கு ரோதைமுனி, செடி வெட்டும் வேலைக்குக் கவ்வாத்துச்சாமி என்று புதிய தெய்வங்களும் எழுந்தன. கையை விழுங்கக்கூடிய இயந்திரத்துக்கு முன்னால், வெட்டுக் கத்திக்கு முன்னால், வேலை செய்கிறவர்கள் வைத்த காவல்கள் அவை. கார்ட்னர் அவற்றைக் கவனித்தாரா என்பது வேறு கேள்வி. பாரிஸ் படகோட்டிகளின் கொம்புக் கடவுளை விளங்கிக்கொள்ள மர்ரேயின் கற்காலச் சரட்டைவிட ரோதைமுனி எனக்கு அதிகம் உதவுகிறார். தெய்வம் ஒரு தொழிலுக்கு, ஒரு துறைக்கு, ஒரு எல்லைக்குள் நிற்பது.

மிகுபுனைவு உலகங்கள் தைத்த படத்தையே எடுத்துக்கொண்டன. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு 1980இல் வந்த தொகுதியில் பழைய தெய்வங்களுக்கே வலிமைப் புள்ளிகள் போடப்பட்டன. 1984இல் தொடங்கிய ராபின் ஹூட் தொலைக்காட்சித் தொடர், ஷேக்ஸ்பியர் நாடகமொன்றில் விண்ட்சர் காட்டுப் பேயாக வரும் ஹெர்னைக் கொம்பணிந்த காட்டுக் குருவாக்கியது. 'வார்ஹாமர்' உலகின் வன எல்ஃப்கள் குர்னூஸ் என்ற வேட்டைக் கடவுளைத் தொழுகிறார்கள். பெயரிலேயே மூலம் ஒலிக்கிறது. இவற்றுக்கு நடுவே ஹயாவோ மியாசாகியின் 1997 திரைப்படத்தில் வரும் காட்டுத் தெய்வம் தனித்து நிற்கிறது. மரக்கிளை போன்ற பல கொம்புகள்; கால் பதிந்த இடத்தில் செடி முளைத்து உடனே வாடுகிறது; ஒரு சொல்லும் பேசுவதில்லை. யாருக்கும் பக்கம் சேராத, வரம் தராத அந்தக் கடவுளின் முன்னால்தான் ஒரு காட்டின் பெரும் மௌனத்தை நான் உணர்ந்தேன்.

நம் பக்கமும் ஒரு துண்டு இருக்கிறது. மொகஞ்சதாரோவில் 1928-29 அகழ்வில் கிடைத்த, மூன்றரை சென்டிமீட்டர் அளவே உள்ள முத்திரையில், எருமைக் கொம்பு அணிந்த உருவம் ஆசனமிட்டு அமர்ந்திருக்கிறது. சுற்றிலும் யானை, புலி, காண்டாமிருகம், எருமை. ஜான் மார்ஷல் 1931இல் இதை ஆதிசிவன் என்றார். டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் 1891இல் கிடைத்த குண்டஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையிலும் மான்கொம்பு வைத்த ஒருவர் கால் மடித்து, விலங்குகள் சூழ அமர்ந்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் மெய் சிலிர்க்கும். ஆனால் இடையில் கிடப்பது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஒன்று எருமைக் கொம்பு, மற்றது மான்கொம்பு. சிந்து எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. கொப்பரையில் எழுத்தே இல்லை. மர்ரே செய்ததை இங்கே நாமும் செய்துவிடக் கூடாது.

கடைசியாக ஒரு துண்டு. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் ஆபட்ஸ் ப்ராம்லி என்ற சிற்றூர் இருக்கிறது. செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, ஆறு பேர் பெரிய மான்கொம்புகளைத் தோளில் சுமந்து ஆடுகிறார்கள். கூடவே பெண் வேடமிட்ட ஆண், கோமாளி, பொய்க்கால் குதிரை, வில் ஏந்திய சிறுவன். 1686இல் ராபர்ட் ப்ளாட் என்பவர் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 1976இல் கொம்புகளில் ஒன்றைக் கரிமக் கணிப்பு செய்தபோது அது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று தெரிந்தது. அவை துருவ நாட்டு ரெய்ண்டீர் மான்களின் கொம்புகள். அந்தக் காலத்து பிரிட்டனில் அந்த மான் கிடையாது. கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். யார் கொண்டுவந்தார்கள், எதற்கு, ஆட்டமும் அத்தனை பழையதா என்பதற்கு எழுத்துச் சான்று இல்லை. எந்தக் கடவுளின் பெயரும் இந்த ஆட்டத்தோடு ஒட்டவில்லை. கொம்புகள் ஆண்டு முழுவதும் இருப்பது ஊர்த் தேவாலயத்துக்குள். அன்று காலை அங்கிருந்து எடுத்து, பண்ணை பண்ணையாகப் பல மைல் சுற்றி ஆடி, பொழுது சாய்ந்ததும் சுவரில் திரும்ப மாட்டிவைக்கிறார்கள்.